புள்ளி விழும், கோடு நிற்கும்

கோலம் போடும்போது தரை அசையாது, கை நகரும். ஸ்க்ரோல் சாவில் பிளேடு இருந்த இடத்திலேயே மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கும், மரத்தைத்தான் நகர்த்த வேண்டும். சின்ன வயதிலிருந்து வாசலில் கோடு இழுத்துப் பழகிய கைக்கு, பணி ஓய்வுக்குப் பிறகு இந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் பிடிபட வேண்டியிருந்தது இதுதான். இங்கே கோட்டை நாம் இழுப்பதில்லை. மரத்தின் மேல் ஒட்டிய காகிதத்தில் ஏற்கெனவே இருக்கும் கோட்டைப் பிளேடிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். வளைவு வந்தால் மரம் திரும்ப வேண்டும். கூர்முனை வந்தால் மரம் நின்ற இடத்திலேயே சுழல வேண்டும். இது கைக்குப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் மெல்ல மெல்ல வந்து சேரும்.

பார்த்திராதவர்களுக்காக இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம். தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய ரம்பப் பிளேடு ஒன்று, ஐந்து அங்குல நீளத்தில். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, இரண்டுமாக அதை விறைப்பாகப் பிடித்திருக்கும். நடுவே மரத்தை வைத்துத் திருப்ப ஒரு மேசை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள இயந்திரங்களில் பிளேடு நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 தடவையிலிருந்து 1,600 தடவை வரை ஏறி இறங்கும். கடைக்காரர் ‘16 இஞ்ச் மெஷின்’ என்று சொன்னால், பிளேடுக்கும் பின்னால் இருக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சொல்கிறார் என்று அர்த்தம். அவ்வளவு தூரம் மரம் உள்ளே போகும். ஆரம்பிப்பவர்களுக்கு அது தாராளம்.

மரவேலை இயந்திரங்களில் எங்கள் வயதுக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் கட்சி. உட்கார்ந்து செய்யலாம், முழங்கால் தப்பித்தது. பெரிய மரம் தேவையில்லை. மற்றவர்கள் கழித்துப் போட்ட துண்டுகளே ஒரு மாதத்துக்குக் காணும். இடம் என்று பார்த்தால் பால்கனி மூலை போதும். ஆனால் நாலு காலையும் ஒரு கனமான பலகையில் போல்ட் போட்டு இறுக்கி, அடியில் ரப்பர் வைத்துவிடுங்கள். அதிர்வு குறைந்தால் கோடு சுத்தமாக வரும். கீழ்வீட்டுக்காரர்களும் மத்தியானம் நிம்மதியாகத் தூங்குவார்கள். உட்காரும் உயரம் முக்கியம். முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும். பின்கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து மேசையைக் கொஞ்சம் நம் பக்கம் சாய்த்துக்கொண்டால் கழுத்து வலிக்காது. விளக்கு பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் மேலே இருந்தால் நம் தலை நிழலே கோட்டின் மேல் விழும்.

சேலை கட்டிக்கொண்டு இந்த வேலை செய்யலாமா என்று என்னைக் கேட்காத உறவினர் இல்லை. செய்யலாம். பிளேடு சுழல்வதில்லை, ஏறி இறங்க மட்டுமே செய்கிறது. துணியைச் சுருட்டி இழுக்கிற ஆபத்து இதில் குறைவு. நிஜமான ஆபத்து பக்கத்தில் வைத்திருக்கும் டிரில்லில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் பகுதியை வெட்டப் பிளேடை நுழைக்கும் துளை போட அது வேண்டும், அது சுழலும். தலைப்பை இடுப்பில் செருகி, பின்னலை முடிந்து, வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் டிரில்லைத் தொட வேண்டும். கண்ணாடி போட்டிருந்தாலும் அதற்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். பிளேடு ஒருநாள் படாரென்று அறுபடத்தான் செய்யும். அப்போது பதறி மரத்தை விட்டுவிடாமல், ஒரு கையால் மரத்தை அழுத்தியபடி இன்னொரு கையால் சுவிட்சை அணைத்தால் போதும்.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது தூள். ஸ்க்ரோல் சா தரும் தூள் மாவைவிட நைசானது, காற்றிலேயே நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. எம்.டி.எஃப். பலகையில் மரத்தூளோடு ஃபார்மால்டிஹைடு கலந்த பசையும் இருக்கிறது. ஆகவே என்95 முகக்கவசம் போடாமல் சுவிட்சைப் போடுவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சம் இருப்பதை எடுத்து வையுங்கள்.

இனி வெட்டுக்கு வருவோம். எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரித் தம்பி நான் பழகுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “தள்ளாதீங்கம்மா. அது எவ்வளவு தின்னுதோ அவ்வளவு குடுங்க.” அவர் ஸ்க்ரோல் சா வைத்திருப்பவர் இல்லை. ஆனால் ரம்பம் தெரிந்தவர். இந்தக் கலையில் பாதி அந்த வாக்கியத்தில் இருக்கிறது. தள்ளினால் பிளேடு பின்னால் வளையும். வளைந்த பிளேடு மேலே ஒரு கோட்டிலும் அடியில் வேறு கோட்டிலும் வெட்டும். மேல்புறம் பார்த்தால் அழகாக இருக்கும் வட்டம், திருப்பிப் பார்த்தால் கோணலாக இருக்கும். உள்ளங்கைகள் இரண்டும் மரத்தின் மேல் தட்டையாகப் படிந்திருக்க, பிளேடின் சத்தம் மாறாத அளவுக்கு மட்டும் மரத்தைக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். சத்தம் கனத்தால் நாம் அவசரப்படுகிறோம் என்று பொருள்.

புதிதாகப் பழகுகிற எல்லோரையும் கலங்கடிக்கிற விஷயம் ஒன்று உண்டு. நேர்கோடு ஒன்றை நேராகத்தான் கொடுக்கிறோம், ஆனால் வெட்டு ஒரு பக்கமாக விலகிப் போகும். கண் மங்கிவிட்டது, கை நடுங்குகிறது என்று வயதின் மேல் பழியைப் போடத் தோன்றும். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தகட்டிலிருந்து பிளேடைச் செய்யும்போது பல்லின் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய பிசிறு தங்கிவிடுகிறது. அந்தப் பக்கம் கூடுதலாகக் கூர், அதனால் அந்தப் பக்கமே இழுக்கும். மரத்தைச் சில டிகிரி சாய்வாகக் கொடுத்தால் வெட்டு நேராகப் போகும். ஒரு பொட்டலத்துப் பிளேடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுதான் விலகும் என்பதால் இரண்டு மூன்று நாளில் கை தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

பிளேடு போதுமான விறைப்போடு இருக்கிறதா என்பதைக் காதால் பார்க்கலாம். இயந்திரம் நின்றிருக்கும்போது விரலால் மீட்டினால் மொத்தையாக இல்லாமல் ‘டிங்’ என்று தெளிவாகக் கேட்க வேண்டும். மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க மூலைமட்டம் வைக்கலாம். அதைவிட எனக்குப் பிடித்த வழி: கனமான துண்டு ஒன்றில் சின்னதாக ஒரு வெட்டு விழச் செய்து இயந்திரத்தை நிறுத்துங்கள். துண்டை அரைவட்டம் திருப்பிப் பிளேடின் பின்பக்கத்திலிருந்து அதே வெட்டுக்குள் நுழையுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பிளேடு செங்குத்து. முட்டினால் மேசையைச் சரிசெய்ய வேண்டும். எந்தக் கருவியும் இல்லாமல் இவ்வளவு துல்லியமாகச் சோதிக்க முடிவது எவ்வளவு நல்ல விஷயம்!

பிளேடுகளில் இரண்டு ஜாதி. முனையில் குறுக்கே சின்னக் குச்சி வைத்தவை, எதுவும் இல்லாத மொட்டை முனை கொண்டவை. குச்சி வைத்ததை மாட்டுவது சுலபம். ஆனால் அது நுழைய 3 முதல் 5 மி.மீ. வரை துளை வேண்டும். மொட்டைப் பிளேடுக்கு 1.5 மி.மீ. துளையே போதும். கோலத்தில் ஒரு புள்ளியைச் சுற்றியிருக்கும் இடம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், எது வேண்டும் என்பது விளங்கிவிடும். வாங்கும்போதே மொட்டைப் பிளேடு மாட்ட முடிகிற இயந்திரமா என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். பிறகு வருத்தப்பட வேண்டியிருக்காது. எண் ஏற ஏற பிளேடு தடிக்கும். 5-ஆம் எண் ஏறக்குறைய 1 மி.மீ. அகலம், கனம் அதில் பாதிக்கும் குறைவு. பழகுவதற்கு அதுவே நல்லது. கீழ்ப்பக்கத்தில் சில பற்கள் மேல்நோக்கி இருக்கும் வகை கிடைத்தால் பிளைவுட்டின் அடிப்பக்கம் சிம்பு சிம்பாகப் பெயராது.

மதுரைக்காரர்களுக்கு ஒரு செய்தி. தெற்காவணி மூல வீதியைச் சுற்றி நகைப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகள் இருக்கின்றன. நகை ஆசாரிகள் தகட்டில் வேலைப்பாடு அறுக்கும் பிளேடும் நம்முடைய மொட்டைப் பிளேடும் ஒரே குடும்பம், நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான், 13 செ.மீ. டஜன் கணக்கில் கட்டாகக் கொடுப்பார்கள். பல் மிக நெருக்கமாக இருப்பதால் கனமான மரத்தில் தூள் அடைத்து மரத்தைக் கருக்கிவிடும். 3 மி.மீ. பிளைவுட்டுக்கு அருமையாக இருக்கும். பிளேடைக் கஞ்சத்தனமாகப் பயன்படுத்தாதீர்கள் என்று கடைசியாக ஒரு வார்த்தை. தேக்கில் இயல்பாகவே சிலிக்கா உண்டு, அது பல்லைச் சீக்கிரம் மழுக்கும். மழுங்கிய பிளேடுதான் நம்மைத் தள்ளத் தூண்டுகிறது.

இவ்வளவும் கை பழகுவதற்கு. என் மனதை முழுசாகப் பிடித்துக்கொண்டது இதற்குப் பிறகு வருவதுதான்.

உள்ளே இருக்கும் பகுதிகளை வெட்டி எடுக்கும்போது ஒவ்வொரு வெட்டும் ஒரு கேள்வி கேட்கிறது: எது விழப்போகிறது, எது நிற்கப்போகிறது? ஒரு கோடு தன்னோடு தானே சேர்ந்து மூடிக்கொண்டால், அதற்குள் இருப்பது விழுந்துவிடும். விழக்கூடாது என்றால் எங்கேயாவது ஒரு பாலம் விட வேண்டும். வெளிநாட்டு மாதிரிப் படங்களை, மான், மேப்பிள் இலை, கிறிஸ்துமஸ் மரம் எல்லாவற்றையும், அச்செடுத்து ஒட்டி வெட்டும்போது இந்தக் கேள்வியே எழுவதில்லை. வரைந்தவர் ஏற்கெனவே பாலங்களை யோசித்து வைத்திருக்கிறார். நம் சொந்தப் படத்தை மரத்தில் வைக்கும்போதுதான் அது எழுகிறது.

நான் சிக்குக்கோலத்தை வைத்தேன். ஐந்து புள்ளி, 1-3-1. கோட்டை 5 மி.மீ. அகலத்துக்குத் தடிப்பாக்கி வரைந்து, பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கே பாலம் போடுவது? எங்குமே தேவைப்படவில்லை! சிக்குக்கோலத்தில் கோடு தன்னைத் தானே வெட்டிக்கொண்டு போகிறது இல்லையா, அந்த ஒவ்வொரு சந்திப்பும் ஒரு பாலம். இரண்டு மூன்று தனித்தனிக் கோடுகளால் ஆன கோலமாக இருந்தாலும் ஒன்றை ஒன்று குறுக்கே கடப்பதால் எல்லாம் ஒரே துண்டாக நிற்கும். வாசலில் முதலில் வைப்பது புள்ளி, அதுதான் ஆதாரம். மரத்தில் ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றியிருக்கும் இடத்தோடு கீழே விழுந்துவிடுகிறது. கோடு மட்டும் தனியாக, கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கக்கூடிய பொருளாக நிற்கிறது. இத்தனை வருஷம் போட்டும் கோலத்தை எடுத்து உயர்த்திப் பிடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எல்லாக் கோலமும் இப்படி அமையாது. இரட்டைக் கோடு, மூன்று கோடு என்று இணையாக ஓடும் படிக்கோலத்தில் கோடுகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. அதற்குப் பாலம் வேண்டும், அல்லது பின்னால் ஒரு பலகை வேண்டும்.

வெட்டும் வரிசை முக்கியம். நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே வர வேண்டும், வெளிவிளிம்பு கடைசி. முதலிலேயே வெளிவிளிம்பை வெட்டிவிட்டால் பிடித்துக்கொள்ள மரம் இருக்காது, மெலிந்த இடங்கள் அதிர்வில் ஒடியும். இன்னொன்று, கோலத்துக்குப் பிளைவுட்தான் சரி. தனி மரத்தில் ரேகை ஒரே திசையில் ஓடுகிறது. ரேகையோடு போகும் நாடா உறுதியாக இருக்கும், ரேகைக்குக் குறுக்கே போகும் நாடா தொட்டாலே உடையும். கோலமோ எல்லாத் திசையிலும் திரும்புகிறது. பிளைவுட்டில் அடுத்தடுத்த அடுக்குகளின் ரேகை மாறி மாறிக் குறுக்கே போவதால் எந்தத் திசையில் திரும்பினாலும் தாங்கும். 6 மி.மீ. நல்ல பிளைவுட், மேலே மறைப்பு நாடா ஒட்டி, அதன் மேல் அச்செடுத்த காகிதம், அதன் மேல் அட்டைப்பெட்டி ஒட்டும் பளபள டேப். அந்த டேப் இருந்தால் மரம் கருகுவது நன்றாகக் குறையும். வெட்டும்போது கோட்டை விட்டு ஒரு மயிரிழை விலகிவிட்டால் வெடுக்கென்று திருப்பாதீர்கள். அடுத்த வளைவுக்குள் மெல்ல வந்து சேருங்கள். காகிதத்தை உரித்த பிறகு கோடு எங்கே இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. வளைவு வழுவழுவென்று ஓடுகிறதா என்பது மட்டும்தான் தெரியும். வாசலில் கோலம் போட்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழ் எழுத்து இன்னும் சுவாரசியம். தேவநாகரியில் எழுத்துகள் தலைக்கோட்டில் தொங்குவதால் ஒரு பெயரை வெட்டினால் பெரும்பாலும் ஒரே துண்டாக வரும். நம் எழுத்துகள் தனித்தனியாக நிற்பவை. ‘அம்மா’ என்று வெட்டிப் பாருங்கள். அ தனி, ம தனி, அதன் தலையில் புள்ளி தனி, அடுத்த ம தனி, கால் தனி. அடியில் ஒரு பட்டை கொடுத்தால் எழுத்துகளும் காலும் அதில் நின்றுகொள்ளும். புள்ளிக்கு என்ன செய்வது? மெல்லிய காம்பு ஒன்றால் எழுத்தோடு இணைக்கலாம், ஆனால் பார்வைக்குக் கொம்பு முளைத்த மாதிரி ஆகிவிடுகிறது. புள்ளியைக் கீழே இறக்கி எழுத்தின் தலையைத் தொடும்படி வைப்பதே எனக்குத் திருப்தியாக இருக்கிறது. எழுத்தின் அழகும் கெடவில்லை, புள்ளியும் விழவில்லை. ஆய்த எழுத்துக்கு மட்டும் இன்னும் நல்ல வழி தெரியவில்லை. மூன்றும் தனிப் புள்ளிகள், பின்பலகையில் ஒட்டுவதுதான்.

எழுத்தை நிற்க வைக்காமல் பலகையில் ஓட்டையாக வெட்டினால் கணக்கு அப்படியே மாறும். புள்ளி வெறும் துளை, டிரில் பார்த்துக்கொள்ளும். ட, ப, ய, ர போன்ற திறந்த எழுத்துகளுக்குப் பிரச்சினை இல்லை. சுழி உள்ள ண, ல போன்றவற்றில் சுழிக்குள் இருக்கும் துளி மரம் விழுந்துவிடும். அதற்குத்தான் இப்போது பாலம். தமிழ் எழுத்துகளுக்கென்று, எங்கே பாலம் விட்டால் எழுத்து சிதையாது என்று யோசித்து வரைந்த மாதிரிகள் நிறைய வர வேண்டும். நமக்கு நாமே வரைந்துகொண்டால்தான் உண்டு. ஓய்வு பெற்றவர்களிடம் நேரம் இருக்கிறது, எழுத்தழகு தெரிந்த பழைய கைகளும் இருக்கின்றன.

விழுவது வீண் என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் பதினான்காம் லூயி மன்னரிடம் வேலை செய்த ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642–1732) என்ற மரவேலைக் கலைஞர் பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே வெட்டில் அறுத்தார். ஆமையோட்டின் ஓட்டையில் பித்தளைப் பூ, பித்தளையின் ஓட்டையில் ஆமையோட்டுப் பூ. ஒரு வெட்டில் இரண்டு மேசைக்கான அலங்காரம், ஒன்று மற்றொன்றின் எதிர்முகம். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி வரைபடங்களைப் பலகையில் ஒட்டி நாடு நாடாக அறுத்துப் பிள்ளைகளுக்குப் புவியியல் பாடமாக விற்றார், அது புதிர்ப்படமாக வளர்ந்தது. 1870-களில் அமெரிக்காவின் ராக்ஃபோர்டில் பார்ன்ஸ் சகோதரர்கள் இப்படி அறுப்பதற்குக் காலால் மிதித்து ஓட்டும் இயந்திரங்களைச் செய்து விற்றார்கள். இன்று சுவிட்சைத் தட்டுகிறோம், பிளேடு செய்யும் வேலை அதேதான்.

பூல் செய்ததற்கு நெருக்கமான வேலை நமக்குப் பக்கத்திலேயே மைசூருவில் நடக்கிறது. அங்கே ஈட்டி மரத்தில் வேறு நிற மரத்துண்டுகளைப் பதித்து யானையும் தோப்பும் நாட்டுப்புறக் காட்சிகளும் செய்கிறார்கள். அரண்மனையின் அம்பா விலாசத்துக்குள் போகும் ஈட்டிக் கதவில் பதித்திருப்பது தந்தம். இன்று தந்தத்துக்கு இடமில்லை, அது நல்லதுதான். அடுத்த முறை மைசூரு போனால் அந்தப் படங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். துண்டுக்கும் குழிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று தேடுங்கள்.

அந்த இடைவெளிதான் இப்போது என்னைப் பிடித்திருக்கிறது. இரண்டு பலகைகளை ஒன்றாக வைத்து நேராக வெட்டினால், பிளேடின் கனம் அளவுக்கு எப்போதும் ஒரு சந்து இருக்கும். மேசையை இரண்டு மூன்று டிகிரி சாய்த்து வெட்டினால் கீழ்ப்பலகையின் துண்டு மேற்பலகையின் ஓட்டையைவிட ஒரு துளி பெரிதாக வருகிறது, மேலே தள்ளினால் ஆப்பைப் போல இறுகிச் சந்து மறைந்துவிடுகிறது. எத்தனை டிகிரி என்பது மரத்தின் கனத்தையும் பிளேடின் கனத்தையும் பொறுத்தது. சாய்வு கூடினால் துண்டு பாதியிலேயே நின்றுவிடும், குறைந்தால் நழுவி வெளியே வந்துவிடும். சுழலும் திசையும் மாறக்கூடாது. எந்தப் பக்கமாக ஆரம்பித்தோமோ அந்தப் பக்கமாகவே சுற்றி முடிக்க வேண்டும், இல்லையென்றால் சாய்வு எதிர்ப்பக்கம் விழும்.

வெள்ளைக்கு வெட்பாலை வைத்திருக்கிறேன், சன்னபட்டணத்து பொம்மைகள் கடையும் அதே மரம். கறுப்புக்கு, பழைய கட்டிலை உடைத்தவர் கொடுத்த தோதகத்தித் துண்டு. முதலில் பதிக்கப்போவது கோலம் இல்லை, ஒரு ‘ழ’. கோலத்தை இந்த முறையில் பதிக்க ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் தனித்தனியாகச் சாய்வு மாறாமல் வெட்ட வேண்டும். அதற்குக் கை இன்னும் பழக வேண்டும். உங்களில் யாராவது 8 மி.மீ. மரத்தில் 3-ஆம் எண் பிளேடோடு இதைச் செய்து பார்த்திருந்தால், மேசையை எத்தனை டிகிரி சாய்த்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். நான் துண்டு மரத்தில் இரண்டரையிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.